லேப்டாப்புக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடி

குழு: நம்ம வீடு

மீனா: ராஜி அத்தை லேப்டாப்ல சார்ஜ் ஏறல. வாரண்டில கம்ப்ளெய்ன்ட் பதிவு பண்ணியாச்சு. நாளை மறுநாள் 10லேர்ந்து 1 மணிக்குள்ள வீட்டுக்கே ஆள் வருவாங்களாம். மதர்போர்டு மாத்தணும்னு போன்லயே சொல்லிட்டாங்க. அதுக்குள்ள என்னெல்லாம் செஞ்சு வைக்கணும்? பேட்டரி இப்ப 41%.

பாலு சித்தப்பா: முதல் வேலை, அதை ஷட் டவுன் பண்ணு. ஸ்லீப்ல இருந்தாலும் சார்ஜ் குறையும். அந்த 41 சதவீதத்தை வச்சுதான் பேக்கப் எடுக்கணும், வேற எதுக்கும் தொடாதீங்க.

ராஜி அத்தை: நான் இப்பதான் மெயில் பார்த்துட்டு இருந்தேன்

பாலு சித்தப்பா: மெயிலை போன்ல பாருங்கக்கா 🙏

பாலு சித்தப்பா: மீனா, போர்டுன்னு எப்படி முடிவு பண்ணாங்க? வர்ற ஆள் ஆர்டர்ல இருக்கிற பார்ட்டை மட்டும்தான் கையில கொண்டு வருவார். தப்பான பார்ட் வந்தா பிரிச்சுப் பார்த்துட்டு மூடி வச்சுட்டுப் போயிடுவார், திரும்ப புதுசா தேதி வாங்கணும். அதனால போன்ல என்ன சொன்னோம்கிறதுலதான் பாதி விஷயம் இருக்கு.

மீனா: டைப்-சி சார்ஜர். வேற பிளக் பாயிண்ட்ல போட்டுப் பார்க்கச் சொன்னாங்க, பார்த்தோம். வேற எதுவும் கேக்கல.

பாலு சித்தப்பா: அது பத்தாது. மூணு சோதனை இருக்கு.
சார்ஜரை எடுத்துட்டு பவர் பட்டனை 30 செகண்ட் அழுத்திப் பிடி, விட்டுட்டு திரும்ப சார்ஜர் போட்டுப் பாரு. சார்ஜிங் சர்க்யூட் சும்மா தொங்கி நின்னிருந்தா இதுலயே சரியாகிடும்.
அடுத்து, இன்னொரு டைப்-சி ஓட்டை இருந்தா அதுல போட்டுப் பாரு. எல்லா டைப்-சியும் சார்ஜ் வாங்காது, பக்கத்துல பிளக் இல்லன்னா மின்னல் குறி போட்டிருக்கான்னு பாரு.
மூணாவது, அதே வாட் உள்ள வேற லேப்டாப் சார்ஜர். அடியில எத்தனை வாட்னு போட்டிருக்கும்.

மீனா: 65

கதிர் அண்ணா: போன் சார்ஜரை வச்சு டெஸ்ட் பண்ணிட்டு "அதுலயும் ஏறல"ன்னு அவங்ககிட்ட சொல்லிடாத. 20 வாட் சார்ஜரை பல லேப்டாப் கண்டுக்கவே கண்டுக்காது. அதை வச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

பாலு சித்தப்பா: ஆமா. அப்புறம் டார்ச் அடிச்சு ஓட்டைக்குள்ள பாரு. பஞ்சு, தூசி அடைஞ்சிருந்தா பிளக் முழுசா உள்ள போகாது, லேசா வெளிய துருத்திட்டு நிக்கும். பல்குச்சி மாதிரி மரத்துல, அதுவும் லேப்டாப் ஆஃப்ல இருக்கும்போது, மெதுவா எடுக்கலாம். ஊசி, பின் கூடவே கூடாது. நடுவுல இருக்கிற நாக்கு வளைஞ்சா உடைஞ்ச கணக்கு, வாரண்டில வராது. எதுக்கும் ஓட்டையை இப்பவே ஒரு போட்டோ எடுத்து வை.

மீனா: இருங்க பாத்துட்டு வரேன்

மீனா: ரெண்டு ஓட்டையிலயும் ஏறல. பக்கத்து வீட்டு 65 வாட் சார்ஜர்லயும் ஏறல. அத்தை சார்ஜர் பக்கத்து வீட்டு லேப்டாப்ல நல்லா ஏறுது. 30 செகண்டும் பண்ணியாச்சு. தூசி இல்ல.

பாலு சித்தப்பா: அப்ப சார்ஜர் மேல குத்தமில்ல. டைப்-சி ஓட்டை பெரும்பாலும் போர்டுலயே பத்த வச்சு வரும், ரெண்டும் சேர்ந்து போச்சுன்னா போர்டா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உருண்டை பின் சார்ஜரா இருந்தா கதை வேற, பல மாடல்ல அந்த ஜாக் தனி ஒயரோட வரும், அதை மட்டும் மாத்தினா போதும். இந்த நாலு வரியையும் கம்ப்ளெய்ன்ட் நம்பர் போட்டு அவங்களுக்கு மெயில்ல அனுப்பிடு. என்ன பார்ட் ஆர்டர் ஆகியிருக்குன்னும் கேளு.

கதிர் அண்ணா: இப்ப போர்டு மாத்தினா விண்டோஸ் பக்கம் என்ன ஆகும்னு சொல்றேன். இதைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க.

அத்தை லேப்டாப்ல மைக்ரோசாப்ட் கணக்கு போட்டு லாகின் பண்ணியிருந்தா, டிஸ்க் தானாவே என்கிரிப்ட் ஆகியிருக்க, அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி பூட்டியிருக்க, நிறைய வாய்ப்பு இருக்கு. நாம ஆன் பண்ணியே இருக்க வேண்டாம். அதோட பூட்டைத் திறக்கிற சாவி டிபிஎம்ங்கிற சிப்ல இருக்கும், அந்த சிப் இருக்கிறது போர்டுல, இல்லன்னா பிராசசருக்குள்ள. பழைய போர்டு போனா சாவியும் போச்சு. புது போர்டு போட்டு ஆன் பண்ணதும் நீலத் திரையில பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீ கேக்கும். 48 இலக்கம். அது இல்லன்னா டிஸ்க்ல இருக்கிறது எதுவும் வராது. இன்ஜினியராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, அழிச்சுட்டு புதுசா விண்டோஸ் போடுறது ஒண்ணுதான் வழி.

ராஜி அத்தை: ஐயோ

ராஜி அத்தை: என் போட்டோ எல்லாம் அதுலதானே இருக்கு

கதிர் அண்ணா: கவலைப்படாதீங்க அத்தை. கீ எடுக்க லேப்டாப்பே வேணாம். போன் பிரவுசர்ல மைக்ரோசாப்ட் கணக்குக்குள்ள போய், டிவைசஸ்ல உங்க லேப்டாப்பைத் தொட்டா, ரெக்கவரி கீ பாக்கறதுக்கு வழி இருக்கும். ஆறு ஆறா எட்டு தொகுதி. பேப்பர்ல எழுதிக்கோங்க. பக்கத்துலயே கீ ஐடின்னு ஒண்ணு இருக்கும், அதோட முதல் 8 எழுத்தையும் சேர்த்து எழுதுங்க. பழைய லேப்டாப் கீயும் அதே பக்கத்துல கிடக்கலாம், நீலத் திரையில காட்டுற ஐடியோட ஒத்துப் பார்த்தாதான் எது சரின்னு தெரியும்.

மீனா: என்கிரிப்ஷனையே ஆஃப் பண்ணிட்டா இந்த தலைவலியே இல்லையே அண்ணா?

கதிர் அண்ணா: சார்ஜ் ஏறுற லேப்டாப்னா அதைத்தான் சொல்லியிருப்பேன். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன், ஆஃப், அவ்வளவுதான். ஆனா டிஸ்க் முழுக்க திரும்ப எழுதணும், நேரம் பிடிக்கும், பேட்டரியை குடிச்சுடும். 41% வச்சுக்கிட்டு ஆரம்பிக்காத. கீ கையில இருந்தா போதும்.

ராஜி அத்தை: கதிர் அந்த கணக்கு பாஸ்வேர்ட் கேக்குது. எனக்கு நாலு நம்பர் பின் மட்டும்தான் தெரியும்

கதிர் அண்ணா: இப்பவே தெரிஞ்சது நல்லது. அந்த பின்னும் டிபிஎம்மோட சேர்ந்தது அத்தை, புது போர்டுல செல்லாது. "உங்க பின் இப்ப கிடைக்கல"ன்னு சொல்லிட்டு பாஸ்வேர்டைத்தான் கேக்கும். "பாஸ்வேர்ட் மறந்துட்டேன்"ங்கிறதைத் தொட்டு, போனுக்கு வர்ற கோடை போட்டு புதுசு வச்சுக்கோங்க. கணக்குல இருக்கிறது இப்ப நீங்க வச்சிருக்கிற போன் நம்பர்தானே?

ராஜி அத்தை: ஆமா கடைசி ரெண்டு நம்பர் காட்டுது அதேதான்

கதிர் அண்ணா: தப்பிச்சோம். பழைய நம்பர், பழைய மெயில் ரெண்டுமே கையில இல்லாம மொத்தமா மாத்தணும்னா மைக்ரோசாப்ட் 30 நாள் காக்க வைக்கும்.

பாலு சித்தப்பா: பேக்கப் விஷயத்துக்கு வரேன். டேட்டா இருக்கிற எஸ்எஸ்டி தனி அட்டையா செருகியிருந்தா இன்ஜினியர் அதைக் கழட்டி புது போர்டுல மாட்டிடுவார், டேட்டா அப்படியே இருக்கும். மெலிசான சில மாடல்ல ஸ்டோரேஜும் போர்டுலயே பத்த வச்சிருக்கும். அப்ப பழைய போர்டோட டேட்டாவும் கம்பெனிக்குப் போயிடும், கழட்டின பார்ட்டை அவங்க எடுத்துட்டுப் போறதுதான் வழக்கம். எதா இருந்தாலும் டேட்டாவுக்கு வாரண்டி கிடையாது.

மீனா: எதையெல்லாம் எடுக்க? என்கிட்ட ஒரு எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி இருக்கு.

கதிர் அண்ணா: சி டிரைவ் முழுக்க வேணாம். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நாலும் போதும். வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறை, பேட்டரி சேவர் ஆன், வைஃபை ஆஃப், அப்புறம் காப்பி. ஒன்டிரைவ்ல இருக்கிற ஃபைல் பக்கத்துல வெறும் மேகக் குறி இருந்தா அது லேப்டாப்பிலயே இல்ல, மேலதான் இருக்கு, அதை விட்டுடு. அவுட்லுக் வச்சிருந்தா மெயில் எல்லாம் சேர்ந்திருக்கிற பிஎஸ்டி ஃபைலைத் தேடி எடு, அவுட்லுக்கை மூடிட்டு எடுக்கணும். முடிஞ்சதும் வேற கம்ப்யூட்டர்ல செருகி நாலஞ்சு போட்டோவைத் திறந்து பாரு. பேர் தெரியறதால மட்டும் காப்பி ஆயிடுச்சுன்னு நம்பாத.

மீனா: காப்பி ஓடுது. பேட்டரி 37%.

கதிர் அண்ணா: முடிஞ்சதும் மூணே போட்டோ போன்ல எடுத்துக்கோ. சிஸ்டம் அபவுட் பக்கம், அதுல பிராசசர், ரேம் அளவு இருக்கும். விண்டோஸ் லைசன்ஸ் நிலையைக் காட்டுற ஆக்டிவேஷன் பக்கம். அப்புறம் பயாஸ்குள்ள (விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங் திரை) போய் ஸ்டோரேஜ் பக்கம், டிஸ்க் ஓடுற மோட் ஏஹெச்சிஐயா ரெய்டான்னு போட்டிருக்கும். பயாஸ்ல எதையும் மாத்தாம வெளிய வந்துடு. பயாஸ் பாஸ்வேர்ட் வச்சிருந்தா மட்டும் எடுத்துடு.

மீனா: ஸ்டோரேஜ் பக்கம் எதுக்கு?

கதிர் அண்ணா: புது போர்டு ஃபேக்டரி செட்டிங்ல வரும். பழசு ஒரு மோட், புதுசு வேற மோட்னா, விண்டோஸ் ஏறும்போது "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்"னு நீலத் திரை வந்து நிக்கும். டிஸ்க் நல்லாதான் இருக்கும். மோடை பழையபடி மாத்தினா ஏறிடும். அவசரத்துல இருக்கிறவங்க அதைப் பார்த்ததும் விண்டோஸ் கரப்ட், ரீஇன்ஸ்டால் பண்ணணும்னு சொல்லிடுவாங்க. போட்டோவைக் காட்டு.

ராஜி அத்தை: வர்றவர்கிட்ட பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துடவா

பாலு சித்தப்பா: வேணாம்கா. கேக்கற இடத்துல நீங்களே டைப் பண்ணுங்க. அவருக்கு டெஸ்ட் பண்ண பயாஸ்ல இருக்கிற சோதனையே போதும், டெல்லா இருந்தா எஃப்12, ஹெச்பின்னா எஃப்2. அதே மாதிரி ஓடிபி. வேலை முடிஞ்சதுக்கு அடையாளமா ஒரு ஓடிபி கேப்பாங்க. எல்லாம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கொடுக்கணும். கையெழுத்தும் அப்படித்தான்.

மீனா: வேற? மேஜை?

பாலு சித்தப்பா: கம்பளம், சோபா, மெத்தை பக்கம் வேணாம், ஸ்டாட்டிக் மின்சாரம் வரும். வெறும் மர மேஜை, நல்ல வெளிச்சம், கைக்கெட்டுற தூரத்துல பிளக் பாயிண்ட். ஒரிஜினல் சார்ஜர், பில், சீரியல் நம்பர் போட்டோ பக்கத்துல இருக்கட்டும். மவுஸ் டாங்கிள், மெமரி கார்டு கழட்டிடு. அடிப்பக்கம் ஸ்டிக்கர், ஸ்கின் ஒட்டியிருந்தா இப்பவே உரிச்சுடு, ஸ்க்ரூ அதுக்கடியில மாட்டிக்கும். பார்ட் கூரியர்ல முன்னாடியே வீட்டுக்கு வந்தா பெட்டியைப் பிரிக்காதீங்க.

பாலு சித்தப்பா: இன்னொண்ணு, டச்பேட் மேல தூக்கிக்கிட்டு இருக்கா, மூடி சரியா மூடாம இருக்கா? பேட்டரி உப்பியிருந்தா அழுத்தக்கூடாது, ஆன் பண்ணவும் கூடாது. அதை இப்பவே சொன்னாத்தான் பேட்டரியும் சேர்த்து அனுப்புவாங்க.

மீனா: இல்ல சித்தப்பா, தட்டையாதான் இருக்கு. காப்பி முடிஞ்சது, 22% மிச்சம். அவங்க மெயில்ல பதில் வந்துடுச்சு, ஆர்டர்ல போர்டு மட்டும்தான் இருக்காம்.

பாலு சித்தப்பா: போதும். மாட்டின பிறகு பார்க்க வேண்டியதைச் சொல்றேன், அவர் இருக்கும்போதே பாரு.

சார்ஜ் ஏறுதா, ரெண்டு ஓட்டையிலயும். ரேம் அளவு போட்டோவோட ஒத்துப் போகுதா. ரேம் போர்டுலயே பத்த வச்ச மாடல்னா 16க்கு பதிலா 8 உள்ள போர்டு வந்து உட்கார்ந்திருக்கலாம். பயாஸ் முதல் பக்கத்துல சீரியல் நம்பர் பழையதேதானா. புது போர்டுல அது காலியா வரும், அவர்தான் டூல் வச்சு எழுதணும். எழுதாம போனா அடுத்த தடவை வாரண்டி கேக்கும்போது சிஸ்டம்ல நம்பரே தெரியாது. தேதி, நேரம் சரியான்னு பாரு, தப்பா இருந்தா வெப்சைட் எல்லாம் பாதுகாப்பு இல்லன்னு கத்தும்.

அப்புறம் வைஃபை. கார்டுல ரெண்டு பொடி ஆன்டெனா ஒயர் மாட்டியிருக்கும், பிரிச்சு மாட்டும்போது ஒண்ணு கழண்டாலும் ரௌட்டர் பக்கத்துல நல்லாத்தான் இருக்கும், அடுத்த ரூமுக்குப் போனா சிக்னல் செத்துடும். அதனால லேப்டாப்பைத் தூக்கிட்டு நடந்து போய்ப் பாரு. கேமரா, மைக், ஸ்பீக்கர், எல்லா யுஎஸ்பி, கைரேகை, டச்பேட், கீபோர்டுல ஒவ்வொரு கீயும். மூடியை மூடித் திற.

கதிர் அண்ணா: ஆக்டிவேஷனும். லைசன்ஸ் பழைய போர்டோட பதிவானது. ஆக்டிவேட் ஆகலன்னு வந்தா அதே பக்கத்துல ட்ரபிள்ஷூட், "சமீபத்துல ஹார்டுவேர் மாத்தினேன்"னு கொடுத்து மைக்ரோசாப்ட் கணக்குல லாகின் பண்ணணும். அடோப் மாதிரி இத்தனை கம்ப்யூட்டர்லதான்னு எண்ணி விடுற சாஃப்ட்வேர் இருந்தா இன்னைக்கே சைன் அவுட் பண்ணிடு.

மீனா: அத்தைகிட்ட அதெல்லாம் இல்ல 😄

பாலு சித்தப்பா: ஸ்க்ரூவைக் கவனி. நீளம் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசப்படும். குட்டை இருந்த இடத்துல நீளமானதைப் போட்டு முறுக்கினா மேல்பக்கம் புடைச்சுக்கும், இல்ல போர்டையே துளைக்கும். ஒரு ஸ்க்ரூ மிச்சமானாலும் எங்க விட்டுப்போச்சுன்னு கேளு, கூச்சப்படாத.

ராஜி அத்தை: எவ்வளவு நேரம் ஆகும் பாலு

பாலு சித்தப்பா: கழட்டி மாட்ட ஒரு மணி நேரம் வச்சுக்கோங்க, டெஸ்டுக்கு அரை மணி. கடைசியில சார்ஜரைப் பிடுங்கிட்டு 15 நிமிஷம் ஒரு வீடியோ ஓட விடுங்க. திடீர்னு ஆஃப் ஆனா பேட்டரி ஒயர் சரியா உட்காராம இருக்கலாம். ஜாப் ஷீட்ல "ஓகே"ன்னு மட்டும் எழுதியிருந்தா கையெழுத்துப் போடாதீங்க, என்ன பார்ட் மாத்தினார், புது பார்ட் நம்பர் என்னங்கிறது அதுல இருக்கணும்.

ராஜி அத்தை: கீ எழுதிட்டேன் எட்டு தொகுதி. போட்டோ எடுத்து குரூப்ல போடவா

கதிர் அண்ணா: வேணாம் வேணாம் அத்தை!! பேப்பர்லயே இருக்கட்டும். மீனா, நீ ஒரு தடவை போன்ல இருக்கிறதோட சரிபார்த்துடு, ஒரு இலக்கம் மாறினாலும் ஏத்துக்காது.

மீனா: நாலாவது தொகுதியில 1ஐ 7ன்னு எழுதியிருக்காங்க. மாத்திட்டேன். லேப்டாப் ஷட் டவுன், பையில வச்சாச்சு.