படைவீரர்களுக்குக் கம்பளிக் குல்லா பின்னி அனுப்புவது: உதவியா, வீண்வேலையா?

கண்ணிக்காரி:
எங்கள் பின்னல் குழுவில் போன மாதம் ஒரு வேண்டுகோள் வந்தது. பனிப்பிரதேசக் காவலில் இருக்கும் படைவீரர்களுக்கு ஆளுக்கு இரண்டு குல்லா பின்னித் தரச் சொன்னார்கள். அன்று இரவே ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன். முதல் குல்லா முடிந்தது. இரண்டாவதில் பாதி தாண்டியபோது குழுவிலேயே ஒருவர், "இதெல்லாம் அவர்களுக்குப் போய்ச் சேராது, சேர்ந்தாலும் போடமாட்டார்கள், உடை கொடுப்பது அரசின் வேலை" என்று எழுதினார். அதற்கப்புறம் ஊசி நகர மறுக்கிறது. உண்மையிலேயே பயன்படும் என்றால் பத்துகூடப் பின்னுவேன். இல்லையென்றால் இப்போதே நிறுத்திவிடுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சகோதரி, கேட்கக் கசப்பாக இருந்தாலும் அவர் சொன்னதுதான் சரி. ஒரு தொண்டு அமைப்பின் கிடங்கில் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்தவன் நான். படைவீரர்களுக்கென்று வந்த பெட்டிகளைத் திறந்து தரம் பிரிப்பது என் பொறுப்பு. ஒரு பெட்டியில் ரோஜா நிறக் குல்லாக்கள், உச்சியில் டென்னிஸ் பந்து அளவுக்குக் குஞ்சம். அடுத்த பெட்டியில் இருந்தவை குழந்தைத் தலைக்கே ஏறாது. இன்னொன்றைத் தொட்டதும் நூல் நூலாகக் கையோடு வந்தது, பூச்சி அரித்திருந்தது. ஏழு பேர் மூன்று நாள் உட்கார்ந்து பிரித்தோம். அனுப்பத் தகுந்ததாகத் தேறியது கால்வாசிதான். மிச்சத்தைத் துடைப்புத் துணியாக வெட்டினோம்.

பின்னியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பனியில் கொண்டுபோய் நிறுத்துகிற அரசுதான் பனிக்கான உடையையும் தரவேண்டும். நாம் பின்னிக் கொடுத்துக்கொண்டே இருந்தால், "ஏன் தரவில்லை?" என்று கேட்க ஆளே இருக்காது.

வெண்பனி:
எப்படி இப்படிப் பேச மனசு வருகிறது? உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் வெளியேறுகிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். ஒரு குல்லா ஓர் உயிரைக் காப்பாற்றலாம். அரசு கொடுக்கட்டும், நாமும் கொடுப்போம். இரண்டும் கூடவே நடந்தால் யாருக்கு நஷ்டம்?

இழைநுட்பம்:
வெண்பனி, நல்ல எண்ணத்துக்குத் தவறான தகவலைத் துணைக்கு அழைக்காதீர்கள். அந்தப் "பாதிச் சூடு" கணக்கு உண்மையில்லை. 1950களில் அமெரிக்க ராணுவம் செய்த ஒரு சோதனையில் இருந்து கிளம்பியதாகச் சொல்வார்கள். உடம்பு முழுக்கக் கனத்த குளிருடை மாட்டி, தலையை மட்டும் திறந்து விட்டிருந்தார்கள். அப்புறம் சூடு வேறு எந்த வழியாகப் போகும்? பெரியவர்களின் உடல்பரப்பில் தலை சுமார் 10 சதவீதம்தான், வெப்ப இழப்பும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும்.

அதனால் குல்லா தேவையில்லை என்று ஆகிவிடாது. கடுங்குளிரில் தோலும் தசையும் உறைந்து கெடுவதுதான் பனிக்கடி. அது முதலில் பிடிக்கிற இடங்களில் காதும் ஒன்று. காதை மூடினால் போதும், அந்தக் குல்லா தன் வேலையைச் செய்துவிட்டது. பாதி, முக்கால் என்று பெருக்கிச் சொல்லத் தேவையே இல்லை.

பழைய சிப்பாய்:
இத்தனை நாள் இங்கே படிப்பதோடு சரி. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை.

கணக்குப்பிள்ளைத் தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. எங்களுக்கும் ஒருமுறை பெட்டி பெட்டியாகக் குல்லா வந்தது. எனக்குக் கிடைத்தது சாம்பல் நிறம், நல்ல கனமான கம்பளி. முதல் இரவே அதன்மேல் தலைக்கவசம் போட்டுக் காவலுக்குப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து உச்சந்தலையில் ஏதோ குத்த ஆரம்பித்தது. இரண்டு நூல்கண்டுகளைச் சேர்த்துப் போட்ட முடிச்சு, சரியாக உச்சியில் நின்றுவிட்டது. பயறளவு கூட இருக்காது. கவசத்தின் எடை மேலே உட்கார்ந்ததும் அது கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டது. கவசத்தைக் கழற்ற முடியாது. விடியும்வரை அந்த ஒரு புள்ளியைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை.

மறுநாள் குல்லாவை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா என்று பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. காதோரப் பட்டியில், கண்ணிகளுக்கு நடுவே, நீளமான ஒரு நரைமுடி. நூலோடு நூலாகப் பின்னிப் போயிருந்தது. வயதான யாரோ ஓர் அம்மா தலை குனிந்து பின்னும்போது விழுந்திருக்க வேண்டும். நான் அதை எடுக்கவில்லை. முடிச்சை மட்டும் அவிழ்த்து நுனிகளைக் கண்ணிகளுக்குள் செருகிக்கொண்டேன். அந்தக் குல்லாவை மூன்று குளிர்காலம் போட்டேன். அரசு கொடுத்தது என்னிடம் இருந்தது, அதுவும் நல்லதுதான். ஆனால் ஓய்வு நேரத்தில் கை எதைத் தேடிப் போனது என்று கேட்டால் அந்தச் சாம்பல் நிறக் குல்லாவைத்தான் சொல்வேன்.

கணக்குப்பிள்ளை:
ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதையும் எழுதத் தோன்றவில்லை. உங்கள் அனுபவத்தோடு நான் மோதவே மாட்டேன். என் கேள்வி உங்களுக்குக் கிடைக்காமல் போன மற்ற பெட்டிகளைப் பற்றியது.

ஏடுபுரட்டி:
இந்த வழக்கு இன்று நேற்று தொடங்கியதல்ல. பிரிட்டனும் கூட்டாளிகளும் ரஷ்யாவோடு மோதிய கிரிமியப் போரில் 1854 நவம்பர் 14 அன்று அடித்த புயலில், பிரிட்டிஷ் படைக்கான குளிர்கால உடைகளை ஏற்றிவந்த 'பிரின்ஸ்' என்ற கப்பல் பாலக்லாவா துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. அந்தக் குளிரில் படை பட்ட பாடு ஊருக்குத் தெரிந்ததும், வீடுகளில் பின்னிய கம்பளிப் பொருள்கள் அனுப்பப்பட்டன. முகத்தையும் சேர்த்து மூடும் குல்லாவுக்கு இன்றும் பாலக்லாவா என்றுதான் பெயர். பெயர் ஒட்டிக்கொண்டது என்னவோ பல ஆண்டுகள் கழித்துத்தான். அரசு தவறிய இடத்தில்தான் இந்த வழக்கமே வேர் விட்டது. அந்த வகையில் கணக்குப்பிள்ளையின் கோபத்துக்கு அடிப்படை இருக்கிறது.

1914இல் நடந்தது இன்னும் சுவாரசியம். முதல் உலகப்போர் தொடங்கியதும் பிரிட்டனில் அரசி மேரியின் பெயரால் 3 லட்சம் ஜோடி காலுறைகளும் இடுப்புப் பட்டைகளும் வேண்டும் என்று பெண்களுக்கு அழைப்பு வந்தது. அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் தொழிற்சங்கத் தலைவி மேரி மக்கார்தர். போர் தொடங்கியதும் ஏராளமான பெண் தொழிலாளர்கள் வேலை இழந்து நின்ற நேரம் அது. வசதியுள்ள பெண்கள் இலவசமாகப் பின்னினால் கூலிக்குத் தைப்பவளின் வயிறு என்னாவது என்பது அவருடைய கேள்வி. அரசி அவரை அழைத்துப் பேசினார். வேலை இழந்த பெண்களுக்குக் கூலியோடு வேலை தர ஒரு நிதியும் தொடங்கப்பட்டது. இலவச உழைப்பு யார் கையிலிருந்து வேலையைப் பறிக்கிறது என்பதை இன்றைக்கும் கேட்கத்தான் வேண்டும்.

வெண்பனி:
அப்படியென்றால் நீங்களும் வேண்டாம் என்கிறீர்களா?

ஏடுபுரட்டி:
இல்லை. அதே போரில் காயப்பட்டு மருத்துவமனையில் படுத்திருந்த வீரர்களுக்கே பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். கைக்கு வேலை, மனதுக்கு ஆறுதல். இதைக் காலுறைக் கணக்கை மட்டும் வைத்து எடைபோட முடியாது. 1962 போரில் இமயமலை முனைக்குப் போன இந்திய வீரர்கள் பலரிடம் குளிருக்கேற்ற உடை இல்லை என்றதும் வீட்டுக்கு வீடு பெண்கள் ஸ்வெட்டர் பின்னினார்கள். உடை ஏன் இல்லை என்ற கேள்வியும் அப்போதே உரக்க எழுந்தது. பின்னிய கை கேள்வி கேட்காது என்று யார் சொன்னது?

அமைதிப்புறா:
எனக்கு வேறொரு தயக்கம். போரை வெறுப்பவள் நான். படைவீரருக்குக் குல்லா பின்னுவது போருக்குக் கைகொடுப்பது மாதிரி ஆகாதா?

பழைய சிப்பாய்:
அம்மா, நீங்கள் போரை வெறுப்பதை நான் மதிக்கிறேன். என்னை விட அதை வெறுக்கக் காரணம் உள்ளவர்கள் குறைவு. பின்னப் பிடிக்காவிட்டால் பின்ன வேண்டாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டோம். ஆனால் அந்த அம்மாவின் நரைமுடி எனக்குப் போரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "காதை மூடிக்கொள்" என்றது, அவ்வளவுதான்.

இழைநுட்பம்:
கண்ணிக்காரி அக்காவின் கேள்விக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை என்பதால் சொல்கிறேன். நூல் எதுவென்று பாருங்கள், பாதி விடை அதில் இருக்கிறது. கம்பளி இழை தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தெரியாது. வியர்வை பட்ட குல்லாவோடு பனிக்காற்றில் நிற்பவருக்கு இதன் அருமை தெரியும். நெருப்பு பட்டால் கம்பளி கருகும், உருகாது. அக்ரிலிக், பாலியெஸ்டர், நைலான் எல்லாம் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இந்தத் தீக்காயங்களைப் பார்த்துத்தான் 2006இல் ஈராக்கில் அமெரிக்க மரீன் படை, முகாமை விட்டு வெளியே போகும்போது பாலியெஸ்டர், நைலான் விளையாட்டு உடைகளைப் போடக்கூடாது என்று தடை விதித்தது. கவசத்துக்கு உள்ளே போடுகிற குல்லாவுக்கு முழுக் கம்பளியைத் தவிர வேறெதையும் நினைக்காதீர்கள்.

கம்பளிக்கும் ஒரு குறை உண்டு. வெந்நீரில் போட்டுக் கசக்கினால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு குல்லா சுருங்கிவிடும். துவைக்கும் முறையை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:
என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. உடை அரசின் கடமை, அதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஆனாலும் பின்னுவதென்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னுவதற்கு முன்னால் பெறுபவரிடம் கேளுங்கள். எந்த நிறம், எத்தனை, எந்த மாதத்துக்குள் வேண்டும் என்று அந்தப் பிரிவிலிருந்தே எழுதி வாங்கச் சொல்லுங்கள். எங்கள் கிடங்கில் தேறிய அந்தக் கால்வாசிப் பெட்டிகள் எல்லாமே அப்படிக் கேட்டுப் பின்னிய குழுக்களிடமிருந்து வந்தவை. மற்றவை கேட்காமல் வந்தவை.

கண்ணிக்காரி:
எல்லாருக்கும் நன்றி. இழைநுட்பம் எழுதியதைப் படித்ததும் குப்பையில் கிடந்த நூல்கண்டு உறைகளை எடுத்துப் பார்த்தேன். முடித்து வைத்த முதல் குல்லா முழுக்க அக்ரிலிக். ரொம்ப மென்மையாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கியது. அது அனுப்புவதற்கில்லை. இரண்டாவது கம்பளிதான். ஆனால் நூல் மாற்றிய இடத்தில் ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது, அதுவும் உச்சிக்குக் கிட்டே. நேற்று இரவு அந்த இடம்வரை பிரித்துவிட்டேன். இந்த முறை பழைய நூலையும் புது நூலையும் சேர்த்துப் பிடித்து ஏழெட்டுக் கண்ணி பின்னியிருக்கிறேன், முடிச்சே இல்லாமல். விரலால் அழுத்தித் தடவிப் பார்த்தேன், எதுவும் தட்டுப்படவில்லை. ஐயா, குல்லாவின் சுற்றளவு எவ்வளவு வைக்கலாம்?

பழைய சிப்பாய்:
பெரும்பாலோருக்குத் தலைச்சுற்று 56 முதல் 58 சென்டிமீட்டர் இருக்கும். பட்டி இழுபடும் என்பதால் 50 வைத்தால் போதும், நெற்றியில் நழுவாமல் நிற்கும். காதுக்குக் கீழே இன்னும் இரண்டு விரல் நீளம் விடுங்கள் அம்மா. காற்று அங்கேதான் நுழையும்.