அம்மாவின் முழங்காலும் லாவோ திராட்சைச் சரிவுகளும்: வழி சொல்லுங்கள்

வணக்கம். அக்டோபர் கடைசி வாரத்தில் 3 நாள், அம்மாவுடன் சுவிட்சர்லாந்தின் லாவோ போகிறேன். ஜெனீவா ஏரிக்கரையில் லொசானுக்கும் மோன்ட்ரேவுக்கும் நடுவே படிப்படியாக எழும் திராட்சைத் தோட்டங்கள். 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. இலைகள் பொன்னிறமாகும் நேரம் அது. தூரத்திலிருந்து பார்ப்பது போதாது, கொடி வரிசைகளுக்கு நடுவே நடக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை.

அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதளத்தில் அரைமணி நேரம் நடப்பார். படியும் செங்குத்து இறக்கமும் முடியாது. இறக்கம்தான் ஏற்றத்தைவிட அதிகம் வலிக்கிறது.

சான் சஃபோரானிலிருந்து லூட்ரி வரையிலான நடைபாதையைப் பார்த்தேன். சுமார் 11 கி.மீ., ஏற்ற இறக்கம் அதிகம். வெவேயில் ரயிலேறி மேலே ஷெப்ரில் இறங்கி, கீழே நடந்து வரலாம் என்று யோசித்தேன். முழுக்க இறக்கம், அதனால் விட்டுவிட்டேன். வரைபடத்தின் தெருக் காட்சியில் தேடினால் சரிவு எவ்வளவு என்று புரியவில்லை. படகிலிருந்து பார்க்கலாம்தான், ஆனால் அம்மா கேட்டது அது இல்லை. மூடுபனி இறங்கினால் பற்சக்கர ரயிலில் 2,042 மீட்டர் உயர ரோஷே த நாய் சிகரத்துக்குப் போவோம். அந்தத் திட்டம் தயார். தங்குவது வெவேயில். கார் இல்லை, ரயில்தான்.

எந்த ரயில் நிலையத்தில் இறங்கினால், படி ஏறாமல் திராட்சை வரிசைகளுக்கு நடுவே அரைமணி நேரம் கிட்டத்தட்டச் சமமான பாதையில் நடந்து, அதே நிலையத்துக்குத் திரும்பலாம்?