முதல் ரேஸ் சைக்கிள்: 80,000 ரூபாய்க்குள் எது நல்லது?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. கிளிநொச்சியில் இருக்கிறேன். விடியவே ஏ9 வீதியில் மாங்குளம் பக்கம் ஓடிப் பழக ஒரு ரேஸ் சைக்கிள் எடுக்கப் போகிறேன். இந்தக் காசுக்குப் புதிதை விடப் பாவித்த ஜப்பான் சைக்கிள் திறம் என்று நினைக்கிறேன், சரிதானே?

ஏ9 கார்ப்பெற் வீதி, பிரச்சினை இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கை முழுக்கக் கிறவல். 23 மில்லிமீற்றர் டயர் என்றால் கல்லில் ட்யூப் நசிந்து காற்றுப் போய்விடும். சைக்கிளில் 28, முடிந்தால் 32 மில்லிமீற்றர் டயர் கொள்ள வேண்டும். பழைய ரேஸ் சைக்கிள் பலதில் பிரேக்குக்கும் டயருக்கும் இடையில் விரல்கூட நுழையாது.

உயரம் 5 அடி 6 அங்குலம். 52 சென்ரிமீற்றர் பிரேம் சரியா, 54 ஆ? பிரேம் வெடிப்பு, செயின் தேய்வு தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்? அப்புறம், சோளகக் காற்று முகத்தில் அடிக்கும்போது மிதிக்க எந்தக் கியர் வசதி?