பிரசவ அறையில் மனைவியோடு நிற்பவர்கள் என்ன செய்யலாம்?

உப்புவெளி: மனைவிக்கு 38 வாரம், முதல் பிள்ளை. என்னையும் உள்ளே விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அவள் நோவில் துடிப்பதை நினைத்தாலே கை நடுங்குகிறது. அனுபவமுள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

நிலாவெளி: பயப்படாதீங்க தம்பி. என் மனைவிக்கு நோ இடுப்பில்தான் நின்றது, ஒவ்வொரு முறையும் முதுகின் அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தேன், "இன்னும் கொஞ்சம் கீழே" என்பாள், விடியும்வரை அதுதான் என் வேலை. பேச்சைக் குறையுங்கள், அவளோடு சேர்ந்து மூச்சு விடுங்கள்.

உவர்மலை: முதல் பிரசவம் 12 மணித்தியாலத்தையும் தாண்டலாம், நீங்களும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பன்னீர்க்குடம் உடைந்தால் நோ இல்லாவிட்டாலும் உடனே புறப்படுங்கள். கர்ப்பகாலப் பரிசோதனை விவரம் எழுதிய கிளினிக் கொப்பியை எடுத்துப் போவது முக்கியம்.

உப்புவெளி: சரி அண்ணா, எங்கே அழுத்துவதென்று இன்றிரவே அவளிடம் கேட்டுவைக்கிறேன்.