இரண்டே பேர், தினம் மூன்று முறை மோட்டார்: ஆத்தங்குடித் தரையை உடைக்கத்தான் வேண்டுமா?

பள்ளத்தூர் வளவு | வெள்ளி, இரவு 9.40

வணக்கம். ஐயா (தாத்தா) காலத்துச் செட்டிநாட்டு வீடு. முகப்பு, வளவு (நடு முற்றம் உள்ள கட்டு), இரண்டாங்கட்டு என்று நீளும். இப்போது அதில் குடியிருப்பது அப்பச்சியும் (அப்பா) ஆத்தாளும் (அம்மா) மட்டும். நான் சென்னையிலிருந்து பத்து நாள் விடுப்பில் வந்திருக்கிறேன்.

மாடியில் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. பின்கட்டுக் கிணற்றில் 1 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார். அரை மணி நேரம் ஓடினால் தொட்டி நிரம்பிவிடும். முன்பெல்லாம் இரண்டு நாளுக்கு ஒரு முறை போட்டால் போதும். ஆறு மாதமாகத் தினம் மூன்று முறை போட வேண்டியிருக்கிறது. இரவு நிரப்பிவிட்டுப் படுத்தால் காலையில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. இரண்டு மாத மின்கணக்கு 470 யூனிட்டை ஒட்டி இருந்தது, இந்த முறை 520க்குப் போய்விட்டது.

குழாய் வேலை பார்ப்பவர் ஒருவர் வந்தார். ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, தரைக்கு அடியில் குழாய் விட்டுப்போயிருக்கிறது, இரண்டாங்கட்டுத் தரையை உடைத்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார். அந்தத் தரை முழுவதும் பழைய ஆத்தங்குடிக் கல். அப்பச்சி அன்று இரவு சாப்பிடவில்லை. உடைக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

ஊரணிக்கரை | வெள்ளி, இரவு 10.05

முதலில் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியைப் பாருங்கள். சத்தமே இல்லாமல் நாள் முழுவதும் ஒழுகும். சொட்டு நீலம் நான்கைந்து சொட்டு தொட்டிக்குள் விட்டு, இருபது நிமிடம் யாரும் தண்ணீர் இழுக்காமல் இருக்கட்டும். பீங்கானில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

கோட்டையூர் ஆச்சி | வெள்ளி, இரவு 10.30

தம்பி, தரையில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு மூலையில் நான்கு கல் மாற்றினோம். ஆத்தங்குடியிலேயே செய்து வாங்கினோம், பூவும் கொடியும் அச்சு அசலாக அதே மாதிரிதான். ஆனால் நிறம் சேரவே இல்லை. கண்ணாடிப் பலகையில் கையால் வண்ணம் ஊற்றிச் செய்கிற கல். எழுபது வருடம் நடந்து நடந்து ஏறிய மினுமினுப்பைப் புதுக் கல்லுக்கு யார் கொடுப்பது? இன்றைக்கும் வருகிறவர்கள் கண் அந்த மூலைக்குத்தான் போகிறது.

ஈய வாளி | சனி, காலை 6.15

முப்பது வருடம் குழாய் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி. இந்த வீடுகளைக் கட்டியபோது தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் ஏது? கிணற்றில் இறைத்து அண்டாவில் நிரப்பினார்கள். பிற்பாடு குழாய் போட்டவர்களும் பெரும்பாலும் சுவரோரமாகத்தான் கொண்டுபோயிருப்பார்கள். உங்கள் வீட்டில் தரைக்கு அடியில் குழாய் போகிறது என்பதை அவர் கண்ணால் பார்த்தாரா, ஊகித்தாரா?

அது கிடக்கட்டும். இன்று இரவு இதைச் செய்யுங்கள். தொட்டியை நிரப்புங்கள். தொட்டியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் குழாயில் கேட் வால்வு இருக்கும், அதை இறுக மூடுங்கள். தொட்டிக்குள் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். காலையில் மட்டம் அதே கோட்டில் நின்றால் ஒழுக்கு வீட்டுக்குள் இருக்கிறது. இறங்கியிருந்தால் வீட்டுக் குழாய்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பள்ளத்தூர் வளவு | ஞாயிறு, காலை 7.20

இரண்டு சோதனையும் செய்தேன். நீலம் பின்கட்டுக் கழிப்பறையில் இறங்கிவிட்டது, மாடிக் கழிப்பறை சுத்தம். ஆனால் பெரிய ஆச்சரியம் வேறு. வால்வை மூடியும் தொட்டி இறங்கியிருக்கிறது! அதே மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். தொட்டியைச் சுற்றித் தடவிப் பார்த்தேன், ஓர் ஈரம் இல்லை. மாடித் தளமும் காய்ந்து கிடக்கிறது. இனி நான் எதை நம்புவது?

நாலாங்கட்டு | ஞாயிறு, காலை 8.00

பழைய கேட் வால்வுகளை மூடினாலும் முழுவதும் மூடிக்கொள்ளாது. உள்ளே உப்புப் படிந்திருக்கும். வால்வை மூடிவிட்டு அடுப்படிக் குழாயைத் திறந்து பாருங்கள்.

பள்ளத்தூர் வளவு | ஞாயிறு, காலை 8.25

திறந்தேன். குழாயில் நின்றது வடிந்தது, பிறகு ஒரு சொட்டுகூட வரவில்லை. வால்வு சரியாகத்தான் மூடுகிறது.

ஈய வாளி | ஞாயிறு, காலை 8.50

அப்படியானால் தொட்டிக்கு இருப்பது இரண்டே வாசல். ஒன்றை மூடிவிட்டீர்கள். மற்றது தண்ணீர் வருகிற வழி. இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். மோட்டாரிலிருந்து வரும் குழாய் தொட்டிக்குள் எப்படி இறங்குகிறது? காலையில் மட்டம் நாளுக்கு ஒரு மாதிரி நிற்கிறதா, தினமும் ஒரே இடத்திலா?

பள்ளத்தூர் வளவு | ஞாயிறு, காலை 9.30

ஏறிப் பார்த்துவிட்டு வருகிறேன். குழாய் மேலேயிருந்து உள்ளே வந்து, அடியிலிருந்து ஓர் அடி உயரம் வரை தொங்குகிறது. தண்ணீர் விழும் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று ஆத்தாள் சொன்னதால் போன வருடம் ஒரு துண்டுக் குழாய் ஒட்டி நீட்டினார்களாம்.

மட்டம் நிற்பது தினமும் ஒரே இடத்தில். அந்தக் குழாயின் வாய் இருக்கும் உயரம். எழுதும்போதே எனக்கு ஏதோ புரிகிற மாதிரி இருக்கிறது.

ஈய வாளி | ஞாயிறு, காலை 9.45

புரிந்தது சரிதான். மோட்டாருக்கு மேலே தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. கடையில் என்.ஆர்.வி. என்று கேட்டால் தருவார்கள். அதற்குள் திறந்து மூடும் தகட்டில் மணலோ துருவோ மாட்டியிருக்கும், அல்லது ரப்பர் தேய்ந்திருக்கும். மோட்டார் நின்றதும் குழாயில் நிற்கும் தண்ணீர் மெல்லக் கிணற்றுக்குள் இறங்குகிறது. குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதால் பின்னாலேயே தொட்டித் தண்ணீரையும் இழுக்கிறது. மண்ணெண்ணெய் டின்னிலிருந்து ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி இழுத்துவிட்டால் அதன்பின் தானாக ஓடுமே, அதே கதை. மட்டம் குழாயின் வாய்க்குக் கீழே போனதும் காற்று புகுந்துவிடும், இழுப்பு நின்றுவிடும். அதனால்தான் தினமும் ஒரே இடத்தில் நிற்கிறது.

உங்கள் தண்ணீர் எங்கும் போகவில்லை. புறப்பட்ட கிணற்றுக்கே திரும்பிப் போயிருக்கிறது. போனது மின்சாரம்தான்.

உறுதி செய்ய வேண்டுமா? மோட்டார் நின்ற பத்து நிமிடம் கழித்து, குழாயின் வாயருகே தண்ணீருக்குள் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைக் கரைத்து விடுங்கள். மேலே தண்ணீர் பாய்ந்த சுழல் அடங்கியிருக்க வேண்டும். மஞ்சள் குழாய்க்குள் போனால் என் சொல் சரி.

நாலாங்கட்டு | ஞாயிறு, முற்பகல் 11.10

இதற்கு வால்வே மாற்ற வேண்டாம். தொட்டிக்குள், தண்ணீர் ஏறும் மட்டத்துக்கு மேலே குழாயில் ஒரு சின்னத் துளை போடுங்கள். அதன் வழியே காற்று புகுந்து இழுப்பை அறுத்துவிடும். மோட்டார் ஓடும்போது கொஞ்சம் பீய்ச்சும், தொட்டிக்குள்ளேதானே.

ஈய வாளி | ஞாயிறு, முற்பகல் 11.40

துளை போடுவது நல்ல யோசனை, போடட்டும். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. தொட்டி தப்பிக்கும், குழாயில் நிற்பது மட்டும் ஒவ்வொரு முறையும் கிணற்றுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். வால்வு முழுவதும் கெட்டு வேகமாகத் திரும்பினால் பம்பு பின்புறமாகச் சுழலும். அந்த நேரத்தில் யாராவது சுவிட்சைத் தட்டினால் தண்டு முறுக்கிக்கொள்ளும். மோட்டாரையே மேலே தூக்கும் செலவு வரும். வால்வின் விலைக்காக அந்த வம்பு வேண்டாம்.

ஊரணிக்கரை | ஞாயிறு, மதியம் 1.15

மின்கணக்கு ஏன் எகிறியது என்பதற்கு ஒரு குறிப்பு. 1 எச்.பி. என்பது 746 வாட், இழப்பையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பு இரண்டு நாளுக்கு அரை மணி நேரம், அதாவது நாளுக்குக் கால் யூனிட். இப்போது மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருப்பதால் ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் என்றால் நாளுக்கு ஒரு மணி நேரம். முக்கால் யூனிட் கூடுதல். அறுபது நாளில் 45 யூனிட். நீங்கள் சொன்ன 470, 520 கணக்கோடு ஒத்துப்போகிறது. கெட்ட நேரம், அது சரியாக 500ஐத் தாண்டிவிட்டது. தாண்டினால் கட்டண விகிதமே வேறு, அதனால்தான் தொகை யூனிட்டைவிட வேகமாக ஏறியிருக்கும்.

கோட்டையூர் ஆச்சி | ஞாயிறு, மாலை 4.30

நீங்கள் எல்லோரும் கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். மேலேயிருந்து விழுகிற தண்ணீரை யார் பேசுவது? வளவைச் சுற்றி ஓட்டுச் சரிவு எதற்கு இருக்கிறது? சின்ன வயதில் ஐப்பசி மழைக்கு நான்கு மூலையிலும் பித்தளை அண்டா வைப்போம். வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டி வடிகட்டுவோம். முதல் மழையை மட்டும் விட்டுவிடுவோம், ஓட்டில் இருக்கும் தூசியும் காக்கை எச்சமும் போக வேண்டும். பருப்பு அந்தத் தண்ணீரில்தான் மலரும் என்பார் அப்பத்தா.

ஊரணிக்கரை | ஞாயிறு, மாலை 5.10

ஆச்சி சொல்வதற்குக் கணக்கும் உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். வளவுச் சரிவு 100 சதுர மீட்டர் என்று வையுங்கள், 10 மி.மீ. மழைக்கே 1,000 லிட்டர். சிந்துவதைக் கழித்தாலும் இந்தத் தொட்டியில் பெரும்பகுதி. மோட்டார் தேவையில்லை, யூனிட் தேவையில்லை. மழைநீரைத் தெருவுக்கு விடும் தூம்பைக் கிணற்றுப் பக்கம் திருப்பினால், ஒரு வடிகட்டித் தொட்டி வைத்து, கிணறும் நிமிரும்.

பள்ளத்தூர் வளவு | வியாழன், இரவு 8.15

தாமதத்துக்கு மன்னியுங்கள், ஆள் கிடைக்க மூன்று நாளாயிற்று.

மஞ்சள் குழாய்க்குள் போனது. நூல் பிடித்த மாதிரி மெல்லிய கோடாகப் போனதை அப்பச்சியும் ஏணியில் ஏறி நின்று பார்த்தார். வேறொரு குழாய்க்காரர் வந்தார். பழைய வால்வைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருக்கும் தகட்டுக்கும் அது உட்காரும் வளையத்துக்கும் நடுவே ஒரு சிறு கல் சிக்கியிருந்தது, ரப்பரும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. புது பித்தளை வால்வு போட்டாயிற்று. நீட்டிய துண்டுக் குழாயை வெட்டவில்லை, ஆத்தாளின் தூக்கத்தை நினைத்து மேலே துளை மட்டும் போட்டோம். பின்கட்டு ஃப்ளஷ் ரப்பரையும் மாற்றினோம். உப்புத் தண்ணீரில் அது ஓடு மாதிரி இறுகிப் போயிருந்தது. எல்லாம் சேர்த்து ஒரு காலை வேலை. தரையில் ஒரு கல்கூட அசையவில்லை.

நேற்று இரவு நிரப்பினோம். காலையில் கோட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி, அது விடியற்காலையில் இவர்கள் புழங்கியது. மழைத் தூம்பு வேலை அடுத்த விடுப்பில். ஆச்சி, பரணில் இரண்டு அண்டா கிடக்கின்றன, ஈயம் பூசக் கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு புதுத் தொல்லை. அப்பச்சி சுண்ணக்கட்டியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் ஏணியில் ஏறிக் கோடு போட்டுத் தேதி எழுதுகிறார். இறங்கும்வரை ஆத்தாள் கீழே நின்று திட்டிக்கொண்டிருக்கிறார்.