ஒன்றாம் வகுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலில் 23 ஆம் எண்: இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

புலியூர்க்குறிச்சிக்காரி, மே 9

என் மகளுக்கு வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பு. இதுவரை படித்தது மூன்று தெரு தள்ளியுள்ள சிறிய மழலையர் பள்ளியில். அங்கே யூ.கே.ஜி.யோடு கதவு மூடிவிடும். மார்ச்சில் பட்டமளிப்பு விழா என்று சொல்லிக் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிப் படம் எடுத்தார்கள். அதற்கு 800 ரூபாய். பட்டம் வாங்கியவளுக்கு இப்போது ஒன்றாம் வகுப்பில் உட்கார பெஞ்சு இல்லை.

மூன்று பள்ளிகளில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். பெயர்கள் வேண்டாம். தக்கலையில் உள்ளதில் 23 ஆம் எண். நாகர்கோவிலில் ஒன்றில் 9. இன்னொன்றில் எண்ணே சொல்லவில்லை, "கூப்பிடுவோம்" என்றார்கள். அந்தக் "கூப்பிடுவோம்" பள்ளியில்தான் மகளை மட்டும் தனியறைக்கு அழைத்துப்போய்ப் படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். வெளியே வந்தவள், "அம்மா, எனக்கு யானை தெரியும். அந்த மிஸ் காண்டாமிருகத்தைக் காட்டினார்கள்" என்றாள். அன்று இரவு, காண்டாமிருகம் எப்படிக் கத்தும் என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

கணவர் மஸ்கட்டில். இரவு 9.30க்கு அழைத்தால் முதல் கேள்வி, "லிஸ்ட் நகர்ந்ததா?" கல்யாண வீட்டுக்குப் போனால் இலையில் உப்பு வைப்பதற்குள் நான்கு பேர், "பிள்ளைக்கு எங்கே சீட்டு?" என்று கேட்டுவிடுகிறார்கள். மாமியார் பதில் சொல்ல முடியாமல் பாயசம் வரும்முன் எழுந்து வந்தது இந்த வீட்டு வரலாற்றிலேயே முதல் முறை.

இடம் இருக்கும் நான்காவது பள்ளி ஒன்றும் இருக்கிறது. அங்கே முதல் பருவக் கட்டணத்தை மே 20க்குள் கட்டச் சொல்கிறார்கள். கட்டிவிட்டு மற்ற இடங்களுக்குக் காத்திருப்பதா? எத்தனை நாள் காத்திருக்கலாம்? வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் நான் படித்த அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியும் உண்டு. அதைச் சொன்னால் சொந்தக்காரர்கள், "அங்கேயா?" என்கிறார்கள்.

வடசேரி வாசகன், மே 9

எண்ணையெல்லாம் நம்பாதீர்கள். வார்டு கவுன்சிலர், பங்குத்தந்தை, பள்ளித் தாளாளரின் மைத்துனர் என்று யாரையாவது பிடித்து ஒரு கடிதம் வாங்குங்கள். ஊரில் இடம் கிடைப்பது அப்படித்தான்.

பழைய பதிவேட்டுக்காரன், மே 10

தங்கச்சி, நான் 11 ஆண்டுகள் ஒரு மெட்ரிக் பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேட்டை வைத்திருந்தவன். மேலே ஒருவர் சொன்ன கடிதங்கள் எல்லாம் எனக்கு வரும். ஒரே ஆண்டில் ஒரே இடத்துக்கு ஆறு கடிதம் வந்ததுண்டு. ஆறையும் ஒரே கோப்பில் போட்டு வைப்போம். அதற்குமேல் அவற்றுக்கு வேலை இருந்ததில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பெரிய பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு வாசல் கிடையாது, எல்.கே.ஜி.தான் வாசல். யூ.கே.ஜி. பிள்ளைகள் அப்படியே மேலே ஏறிவிடுவார்கள். ஒரு பிள்ளை டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கினால்தான் ஒரு பெஞ்சு காலியாகும். யார் வாங்குவார்கள்? வங்கியிலும் ரயில்வேயிலும் மாற்றல் ஆனவர்கள். வளைகுடாவில் குடும்ப விசா கிடைத்துக் கணவனிடம் போகிறவர்கள். திருவனந்தபுரத்தில் வீடு பார்த்துவிட்டவர்கள். கோணத்திலுள்ள கேந்திரிய வித்யாலயாவின் பட்டியலில் பெயர் வந்தவர்கள். அங்கே மார்ச் 31 அன்று ஆறு வயது முடிந்திருக்க வேண்டும் என்பதால், ஓராண்டு நம்மிடம் ஒன்றாம் வகுப்பு படித்துவிட்டு மறுபடியும் ஒன்றாம் வகுப்புக்கே போகிற பிள்ளைகளும் உண்டு.

இவர்கள் எல்லாரும் எப்போது டி.சி. கேட்பார்கள்? ஏப்ரல் கடைசியில் சிலர். அப்புறம் மே 20 வரை ஒரு அசைவும் இருக்காது. அந்த நாட்களில் நீங்கள் தொலைபேசியில் அழைத்தால் நாங்கள் சீருடைத் துணியை அளந்துகொண்டிருப்போம். மே கடைசி வாரமும் பள்ளி திறந்த முதல் பத்து நாளும்தான் பட்டியல் ஓடும். போகிற இடம் உறுதியாகும்வரை யாரும் கையிலிருக்கும் இடத்தை விடமாட்டார்கள் அல்லவா.

எண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். 23 என்றால் முன்னால் 22 பிள்ளைகள் என்று நினைக்காதீர்கள். நீங்களே மூன்று பட்டியலில் இருக்கிறீர்கள்; மற்றவர்களும் அப்படித்தான். ஓர் ஆண்டு பக்கத்துப் பள்ளி அலுவலக நண்பரும் நானும் தேநீர் குடித்துக்கொண்டே இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டோம். எங்கள் 31 பெயரில் 19 அங்கேயும் இருந்தது. ஒருவருக்கு ஓரிடத்தில் கிடைத்தால் மூன்று பட்டியலில் ஒரே நாளில் எண் குறையும். அதேவேளை, ஆசிரியரின் பிள்ளை, ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கை, திருச்சபை உறுப்பினரின் பிள்ளை என்று பட்டியலுக்கு வெளியேயிருந்து நுழைகிறவர்களும் உண்டு. ஆகவே எண்ணைக் கேட்காதீர்கள். "போன ஆண்டு ஒன்றாம் வகுப்புக்குக் காத்திருந்தவர்களில் எத்தனை பேரை எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். அலுவலகத்தில் இருக்கிறவருக்கு அது தெரியும். மரியாதையாகக் கேட்டால் சொல்லிவிடுவார்.

அழைப்பு வந்தால் "நாளை 11 மணிக்குள் வாருங்கள்" என்றுதான் வரும். எனவே ஒரு உறையில் எல்லாம் தயாராக இருக்கட்டும்: பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், படங்கள். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும் சான்றிதழோடு வந்து வாசலில் அழுத தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண். பழைய பள்ளி உங்கள் பிள்ளையைக் கணினியில் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளியால் எடுக்க முடியும். டி.சி. கையில் இருக்கும், கணினியில் பிள்ளை இன்னும் பழைய பள்ளியிலேயே இருப்பாள். இதை இப்போதே சொல்லி முடித்துவிடுங்கள்.

காண்டாமிருகம் விஷயம். கல்வி உரிமைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு சேர்க்கைக்காகப் பிள்ளையைச் சோதிப்பதைத் தடை செய்கிறது. முதல் முறை 25,000 ரூபாய் வரையும், பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 வரையும் அபராதம். ஆனால் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நம் குமரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சட்டத்தில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு உள்ள 25 சதவீத இட ஒதுக்கீடும் அதனால்தான் இங்கே பல பள்ளிகளில் கிடையாது. இருக்கும் பள்ளிகளிலும் அது எல்.கே.ஜி. வாசலிலேயே முடிந்துவிடும். ஆனால் நன்கொடை கேட்டால் அது வேறு கதை: தமிழ்நாட்டில் அதற்கு 1992இலிருந்தே தனியாகத் தடைச் சட்டம் இருக்கிறது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நான்காவது பள்ளியில் முழுப் பருவக் கட்டணம் கட்டும்முன், பிள்ளை சேராவிட்டால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் எதுவும் திரும்பாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருங்கல் அப்பா, மே 11

என் மகன் 14 ஆம் எண்ணில் இருந்தான். அழைப்பு ஜூன் 11 அன்று வந்தது. அதற்குள் இங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்து, புத்தகம் வாங்கி, இரண்டு செட் சீருடையும் தைத்தாகிவிட்டது. அவனுக்கு அங்கே ஒரு கூட்டாளியும் கிடைத்திருந்தான். இருந்தாலும் பெருமை விடவில்லை. டி.சி. வாங்கி நாகர்கோவிலுக்கு மாற்றினேன், மறுபடியும் சீருடை.

வேன் காலை 6.50க்கு. திங்கள்சந்தையில் நின்று, பிள்ளைகளை ஏற்றி, நாகர்கோவில் சேரும்போது பாதிப் பிள்ளைகள் தூக்கத்தில். ஜூன் மாத மழையில் வேன் கண்ணாடி முழுக்க ஆவி. அதில் அவன் விரலால் அந்தப் பழைய கூட்டாளியின் பெயரை எழுதிக்கொண்டிருப்பான் என்று ஓட்டுநர் சொன்னார். மாலை 5.20க்கு வீடு. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தால் பாதிச் சோறு அப்படியே இருக்கும்.

இரண்டாம் வகுப்புக்குத் திரும்பக் கருங்கலுக்கே கொண்டுவந்தேன். அந்த ஓராண்டில் வேனுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். வேன் எத்தனை மணிக்கு வரும் என்று முதலில் கேளுங்கள் சகோதரி. நான் அதைக் கடைசியில் கேட்டேன்.

ஓய்வு பெற்ற டீச்சர், மே 11

மகளே, எட்டு வரி கல்யாண வீட்டைப் பற்றி எழுதினாய், படித்த பள்ளியைப் பற்றி ஒரு வரி. நான் இரணியல் பக்கத்தில் உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்தவள் என்பதால் எனக்குக் கோபம் வர உரிமை உண்டு.

ஆனால் பொய் சொல்லமாட்டேன். போய்ப் பார்க்காமல் சேர்க்காதே. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் குறை எங்கே என்றால், பிள்ளைகள் 60க்குள் இருந்தால் சட்டப்படி இரண்டு ஆசிரியர்தான். இரண்டு பேர் ஐந்து வகுப்பு எடுக்க வேண்டும். நான் எடுத்திருக்கிறேன், ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லித் தருவேன். அதில் ஒருவருக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்றால் அன்று பள்ளி முழுக்க ஒருத்தி. ஆகவே போய், "எத்தனை ஆசிரியர், ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர், யாரோடு சேர்த்து உட்கார வைப்பீர்கள்?" என்று கேள். மே மாதம் என்றாலும் சேர்க்கைக்காக யாராவது இருப்பார்கள்.

நல்லதையும் சொல்கிறேன். 2022இலிருந்து சிறு வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. பாட்டும் அட்டையுமாகப் பிள்ளைகள் விரும்பிச் செய்கிறார்கள். காலை உணவு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் 2023 ஆகஸ்டில் வந்தது. கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில். உன் வீட்டில் தோசைக்குக் குறைவில்லை என்பது தெரியும், ஆனால் கூட்டாகச் சாப்பிடும் பிள்ளை காய்கறியை ஒதுக்குவதில்லை.

இன்னொன்றை யாரும் சொல்லமாட்டார்கள். அடுத்த பெரிய வாசல் ஆறாம் வகுப்பு. ஆறிலிருந்து தொடங்கும் உயர்நிலைப் பள்ளிகள் இந்த மாவட்டத்தில் நிறைய. ஐந்தாண்டு கழித்து மாற வேண்டும் என்றால் அப்போது 23 ஆம் எண் தேவைப்படாது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் நம் மாவட்டம் தமிழ்நாட்டிலேயே முதலிடம், 91.75 சதவீதம் என்று மேடைதோறும் பேசுகிறோமே, அது வேன் ஏறிப் போனவர்களால் மட்டும் வந்த கணக்கு என்று நினைக்கிறாயா?

புலியூர்க்குறிச்சிக்காரி, மே 24

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், திட்டு கிடைத்தது, வாங்கிக்கொண்டேன்.

அண்ணாச்சி சொன்ன கேள்வியைக் கேட்டேன். தக்கலையில் போன ஆண்டு எடுத்தது இரண்டு பேர். 23ஐ அன்றே அடித்துவிட்டேன். நாகர்கோவிலில் நான்கு பேர்; இப்போது எங்கள் எண் 5. "கூப்பிடுவோம்" பள்ளி இன்னும் கூப்பிடவில்லை. நான்காவது பள்ளியில் எழுதித் தர முடியாது என்றார்கள், பணம் கட்டவில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் இருந்தது. ஆனால் எமிஸில் பிறந்த தேதி தவறாக ஏறியிருந்தது. அதைச் சரிசெய்ய மழலையர் பள்ளிக்கு மூன்று நடை.

என் பழைய பள்ளிக்கும் போனேன். அயனி மரம் அப்படியே இருக்கிறது. கழிப்பறை புதிது. மூன்று ஆசிரியர், ஒன்றாம் வகுப்பில் இதுவரை 11 பிள்ளைகள், இரண்டாம் வகுப்போடு சேர்ந்து ஒரே அறை. மகள் கரும்பலகைக்குக் கீழே கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். சேர்த்துவிட்டு வந்தேன். கணவரிடம் "தற்காலிகம்தான்" என்று சொல்லியிருக்கிறேன். மாமியாரிடம் அந்த வார்த்தையைக்கூடச் சொல்லத் தேவைப்படவில்லை. பேத்தியைத் தானே நடந்து கூட்டிப்போய் விட முடியும் என்று தெரிந்ததும் சம்மதித்துவிட்டார்.

புலியூர்க்குறிச்சிக்காரி, ஜூன் 12

இன்று மதியம் நாகர்கோவில் பள்ளியிலிருந்து அழைப்பு. அண்ணாச்சி சொன்ன அதே வாசகம்: "நாளை 11 மணிக்குள்." வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். புலியூர்க்குறிச்சியில் 7.10. வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை என்று நின்று நின்று போகுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

மாலையில் மகள் வந்தாள். காண்டாமிருகம் எப்படிக் கத்தும் என்று டீச்சரிடம் கேட்டாளாம். டீச்சருக்கும் தெரியவில்லையாம். கரும்பலகையில் காண்டாமிருகத்தை வரைந்து, "நாளைக்குள் எல்லாரும் வீட்டில் கேட்டு வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். படத்தில் கொம்பு தவறான இடத்தில் இருந்தது என்று இவள் திருத்தினாளாம்.

இரவு கணவரோடு ஒரு மணி நேரம் பேசினேன். சற்றுமுன் அந்தப் பள்ளி அலுவலக எண்ணுக்கு, எங்களுக்கு இடம் வேண்டாம் என்று செய்தி அனுப்பிவிட்டேன். அந்தப் பட்டியலில் எங்களுக்கு அடுத்து இருக்கிறவர் இதைப் படித்தால், நாளை காலை அலைபேசியைக் கையிலேயே வைத்திருங்கள். உறையும் தயாராக இருக்கட்டும்.