மடலாடல்: வந்து சேர்ந்த கோப்பைப் பிடித்துவைக்கும் ‘ஸ்கேன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

கோத்தகிரி, கணினி ஆய்வக ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். கட்டற்ற பதிவிறக்க மேலாளர் (இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கித் தரும் மென்பொருள்) ஒன்றின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ஒரே ஒரு சொற்றொடரில் நிற்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் அடிக்கடி நடப்பது இது: கோப்பு நூறு விழுக்காடும் வந்துவிடுகிறது, பட்டை நிறைந்த பிறகு அசையாமல் நிற்கிறது, பின்னர் ‘வேறொரு நிரல் இக்கோப்பைப் பயன்படுத்துகிறது’ என்று பிழை காட்டுகிறது. வைரஸ் தடுப்பு நிரல் அந்தக் கோப்பை இன்னும் ‘ஸ்கேன்’ செய்துகொண்டிருப்பதே காரணம். பிள்ளைகள் ரத்து செய்துவிட்டு முதலிலிருந்து இறக்குகிறார்கள், இல்லையென்றால் வைரஸ் தடுப்பையே அணைத்துவிடுகிறார்கள். மழையில் இணைப்பு விட்டுவிட்டு வரும் ஊரில் இரண்டுமே கேடு. முந்தைய மொழிபெயர்ப்பில் ‘வருடல் குறுக்கீடு’ என்றிருக்கிறது. கன்றைத் தடவிக்கொடுப்பதல்லவா வருடல்? குறுக்கீடு என்றாலோ காக்கும் நிரல் குற்றவாளியாகிவிடுகிறது.

குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது: அலகிடல். ‘அலகிட்டு வாய்பாடு தருக’ என்ற வினாவை எழுதாத பத்தாம் வகுப்புப் பிள்ளை உண்டா? செய்யுளைச் சீராகவும் அசையாகவும் பிரித்து வாய்பாட்டோடு ஒப்பிடுகிறோம். தடுப்பு நிரலும் கோப்பின் பகுதிகளைத் தன்னிடமுள்ள அடையாளங்களோடு ஒப்பிடுகிறது. அதோடு முடியவில்லை. அலகு என்றால் துடைப்பம். ‘புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டு’ என்று அப்பர் பாடியது கோயிலைப் பெருக்குவதை. அளப்பதும் குப்பை அகற்றுவதும் ஒரே வினைக்குள் அடங்கியிருக்கின்றன. கம்பரின் ‘அலகிலா விளையாட்டு’ அளவற்ற விளையாட்டு. அங்கேயும் அளவுப் பொருள்தான். பறவையின் அலகுக்கும் இதற்கும் உறவு உண்டா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

கூடலூர், மென்பொருளாளர்:

ஐயா, விளக்கம் அருமை. ஆனால் திரையில் ‘அலகிடப்படுகிறது’ என்று வந்தால் எங்கள் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? முதலில் அங்கே நடப்பதைப் பாருங்கள். மேலாளர் கோப்பைத் துண்டுகளாகக் கேட்கிறது. கோப்பை வைத்திருக்கும் கணினியான வழங்கியும் ‘206’ என்ற விடைக்குறியோடு துண்டு துண்டாகவே அனுப்புகிறது. எல்லாம் சேர்ந்ததும் தற்காலிகப் பெயரை நீக்கி உண்மைப் பெயரைச் சூட்ட வேண்டும். சரியாக அந்த நொடியில் தடுப்பு நிரல் கோப்பைத் திறந்து படித்துக்கொண்டிருந்தால், விண்டோஸ் பெயர்மாற்றத்தை மறுத்துவிடக்கூடும். சுருக்கிக் கட்டிய கோப்பானால் உள்ளே இருப்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருப்பதால் நேரம் கூடும். மேலாளர் சற்றுப் பொறுத்து மறுபடி முயன்றாலே பாதிச் சிக்கல் தீரும். ‘வைரஸ் ஸ்கேன்’ என்றே எழுதுங்கள். வடசொல்லை வடஎழுத்து நீக்கி ஏற்கலாம் என்று தொல்காப்பியர் வழிவிடவில்லையா?

குன்னூர்:

தம்பி, ‘வடஎழுத்து ஒரீஇ’ என்பதைப் பாதியில் விடக் கூடாது. ‘வைரஸ்’ என்பதில் ‘ஸ்’ அப்படியே இருக்கிறது. ‘ஸ்கேன்’ அதிலேயே தொடங்குகிறது. அந்த நூற்பாவின்படியே போனாலும் ‘வைரசு’ என்றாவது எழுத வேண்டும். ‘நச்சுநிரல்’ என்ற நல்ல சொல் இருக்கும்போது அதுவும் எதற்கு?

உதகை, கல்லூரிப் பேராசிரியை:

எனக்குக் குறளின் 51ஆம் அதிகாரம்தான் நினைவுக்கு வருகிறது. ‘தேறற்க யாரையும் தேராது’, அதாவது ஆராயாமல் யாரையும் நம்பாதே என்கிறது 509. அடுத்த குறள், தெளிந்தவன்மேல் ஐயுறுவதும் தீரா இடும்பை தரும் என்கிறது. சில கணினிகளில் இணைய வழியிலேயே ஒருமுறை, வட்டில் எழுதும்போது ஒருமுறை, முடிந்ததும் மேலாளரே அழைத்து மற்றொரு முறை என்று ஒரே கோப்பைத் தேர்கிறார்கள். ஆகவே ‘தேர்தல்’ அல்லது ‘தேர்வு’ பொருந்தும்.

கோத்தகிரி:

அம்மா, தேர்வு என்றால் என் பிள்ளைகள் பேனாவைத் தேடுவார்கள். தேர்தல் என்றால் வாக்குச்சாவடி. நான் ‘சோதனை’ பக்கம் சாய்கிறேன். குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் நிற்கும் பஸ்ஸைப் பழுதான பஸ் என்று யாரும் சொல்வதில்லை. பார்த்து முடித்ததும் மேலே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமைதான் வர வேண்டும். ‘கோப்பு முழுதாக வந்துவிட்டது. வைரஸ் சோதனை முடியும் வரை காத்திருக்கவும்’ என்று எழுதலாமா? குறுக்கீடு வேண்டாம், பிழைப்பட்டியலில் ‘சோதனைத் தாமதம்’ போதும்.

கூடலூர்:

‘ஸ்கேன்’ இல்லாவிட்டால் ‘சோதனை’. எனக்குச் சம்மதம். பதிவிறக்கக் கோப்புறை முழுவதற்கும் வைரஸ் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கச் சொல்லும் அறிவுரையை மட்டும் உதவிப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். முடிந்த கோப்பு சோதனைக்கு உட்பட்டே ஆக வேண்டும்.

உதகை:

சரி, சோதனை. விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது.

குன்னூர்:

பெரும்பான்மைக்குத் தடையாக நிற்கவில்லை. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ‘சோதனை’ வடமொழியின் ‘சோதனா’ என்பது ஒருபுறம் இருக்க, இதே மென்பொருளின் பட்டியலில் ‘இணைப்புச் சோதனை’ என்றொரு கட்டளை இருக்கிறது. அது வேறு, இது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தந்துவிட்டு, அடுத்த பதிப்பில் ‘சோதனைப் பதிப்பு’ என்று மூன்றாவது வரும்போது என்ன செய்வீர்கள்? சொற்பட்டியலில் அலகிடலை மாற்றுச் சொல்லாகவேனும் சேர்க்கக் கோருகிறேன். பறவை அலகு பற்றிய மடல் நாளை வரும்.